முதத்தண்ணி

சேலம் ஜங்ஷனுக்குப் போகிற சாலையில், புதிதாகச் சுண்ணாம்பு பூசிய ஒரு திருமண மண்டபத்தில், எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கோடையின் உச்சத்தில், கடலைப் பற்றிய மாநாடு ஒன்று கூடிற்று. கடல் அங்கிருந்து கிழக்கே ஒரு பகல் முழுதும் பேருந்தில் உட்கார்ந்து போனால் வரும். வந்திருந்தவர்களில் பாதிப்பேர் அதைக் கண்ணால் கண்டதில்லை. மழை பொய்த்து, ஏரி வெடித்து, கிணற்றுக்குள் கயிறு மட்டும் இறங்கி வெறுங்குடம் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. மண்டபத்துக்கே லாரியில்தான் தண்ணீர் வந்து இறங்கியது. அந்தத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு, சந்தனம் பூசிக்கொண்டு, கடலடியில் புதைந்து கிடக்கும் எண்ணெயின் எதிர்காலத்தை ஆராயப் பெரியவர்கள் வந்து அமர்ந்தார்கள்.

'கடலடி எரிபொருள்: கொள்கையும் வருங்காலமும்' என்று வாசலில் துணி கட்டியிருந்தார்கள். கடலில்லாத ஊரில் ஏன் இந்த மாநாடு என்று கேட்பவர்களுக்கு விடை வாசலிலேயே நின்றது. வரிசை வரிசையாக ரிக் லாரிகள். பாறையைத் துளைத்து ஆழ்குழாய்க் கிணறு போடும் தொழிலில் இந்த மண்ணின் ஆட்கள் கால் வைக்காத மாநிலம் இல்லை. காவிரிக் கரையோரக் கடலில் எண்ணெய் தேடுகிற நிறுவனத்துக்குத் துளையிடும் கைகள் வேண்டும். அந்தக் கைகள் இங்கே மலிவாகவும் மறுபேச்சு இல்லாமலும் கிடைக்கும். ஆகவே நிறுவனம் கடலை விட்டு மேட்டுக்கு ஏறி வந்திருந்தது.

அந்தத் துணிக்குக் கீழே எல்லோரும் நுழைந்தார்கள். காளியாத்தாளை மட்டும் பக்கவாட்டுச் சந்து வழியாகச் சமையல்கட்டுக்குள் அழைத்துப் போனார்கள். அவள் வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தாள்.

"அம்மிணி, வெளக்கேத்தி முடியற வரைக்கும் இங்கயே இரு. மனசுல ஒண்ணும் வெச்சுக்காத. சபைன்னு ஒண்ணு இருக்குதல்ல?" என்றார் மருதாசலம். ரிக் வைத்திருப்போர் சங்கத்தின் தலைவர். கடலுக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தம் அவர் கையில்தான் இருந்தது.

"இருக்கறனுங்க."

"கூப்புட்டதும் மேடைக்கு வரோணும். பொன்னாடை போத்துவாங்க. கம்பெனிக்கு நன்றி, சங்கத்துக்கு நன்றின்னு ரெண்டே வார்த்த. வருமா?"

"வருமுங்க."

அவர் போய்விட்டார். காளியாத்தாள் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்களின் ஓரமாக உட்கார்ந்தாள். யாரோ ஒரு அரிவாள்மணையைத் தள்ளினார்கள். அவளும் நறுக்கத் தொடங்கினாள். சொன்ன வேலையைச் செய்கிற கைகள் மட்டும் அவளிடம் மிச்சமிருந்தன. இந்த ஆறு மாதமாக அப்படித்தான். எழு என்றால் எழுந்தாள், உண் என்றால் உண்டாள். கழுத்திலிருந்ததைக் கழற்ற ஊர்ப் பெண்கள் சுற்றி நின்று ஒப்பாரி வைத்தபோதும், அவர்களுக்கு வாகாகத் தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். அழவில்லை. அழாததை ஊர் குற்றமாகச் சொன்னது. அந்தச் சொல்லும் அவள் காதுவரை வந்து, உள்ளே போக வழி தெரியாமல் திரும்பிப் போயிற்று.

அவள் கணவன் செங்கோட்டையன், எருமப்பட்டிக்குத் தெற்கே நாலு பனைமரமும் ஒரு பாழுங்கிணறுமாக இருந்த குடியிருப்பிலிருந்து, மருதாசலத்தின் ரிக்கில் டிரில்லராகப் பாதி இந்தியாவைத் துளைத்தவன். போன ஐப்பசியில் கடலுக்குப் போனான். "கடல்ல போட்டாலும் போர் போருதானே புள்ள. கீழ ஓட்ட போடறதுக்கு மேல கடலிருந்தா என்ன, காடிருந்தா என்ன" என்று சிரித்துவிட்டுப் போனான். மார்கழியில் ஒரு பெட்டி வந்தது. திறக்கவேண்டாம் என்றார்கள், திறக்கவில்லை. குடித்துவிட்டு நெருப்பில் போய் விழுந்தான் என்றார்கள், அதையும் கேட்டுக்கொண்டாள். வேலை முடிந்து ஊர் திரும்பினால் செங்கோட்டையன் குடிக்கிறவன்தான். அதனால் ஊரும் நம்பிற்று.

அவளுடைய மரத்துப்போன நெஞ்சில் ஒரே ஓர் இடத்தில்தான் இன்னும் வலி இருந்தது. அந்த இடத்தின் பெயர் சின்னண்ணன். கணவனின் தம்பி. அன்று மாலை ரயிலில் கடலுக்குப் புறப்படும் புதிய குழுவில் அவனும் இருந்தான். வீட்டில் மிஞ்சிய ஒரே ஆண் அவன். அவனை விட்டுவிடுங்கள் என்று காலையில் மருதாசலத்தின் ஜீப்பில் வரும்போது ஒருமுறை கேட்டாள். அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். ஓட்டுநரிடம் வண்டியைப் பார்த்து ஓட்டச் சொன்னார்.

"ஏனக்கா, கடலுக்குள்ள போர் போடறாங்களாமே?" என்று கேட்டாள் பக்கத்தில் இருந்த சுப்பம்மாள். மண்டபத்தில் எப்போதும் பாத்திரம் கழுவுகிறவள். வாய்க்கும் கைக்கும் ஓய்வு கொடுக்காதவள். "அத்தன தண்ணிக்குள்ள போயி இன்னும் என்னத்தத் தேடறானுங்க? நம்மூருக்கு வந்து ஒரு கொடம் தேடிக் குடுத்தானுங்கன்னா கும்புட்டுக்குவேன்."

"எண்ணெயாமா."

"எண்ணெயா! அப்ப வட சுடறதுக்கு ஆச்சு." சமையல்கட்டே சிரித்தது. காளியாத்தாளும் உதட்டை விரித்தாள். சிரிக்கவேண்டிய இடம் என்று தெரிந்தது.

சுவருக்கு அப்பால் காலையிலிருந்தே ஓர் இரைச்சல். மண்டபத்தை ஒட்டிய வெற்றிடத்தில், வந்த விருந்தினர் காண்பதற்காக, மருதாசலத்தின் புதிய ரிக் ஒன்று பாறையைத் துளைத்துக்கொண்டிருந்தது. சுத்தியல் இறங்க இறங்கக் கல்மாவு வெள்ளைப் புகையாகக் கிளம்பி, சன்னல் வழியே வந்து இலைக்கட்டுகளின் மேல் படிந்தது.

"தண்ணி வந்துட்டா ஒரே ஓட்டமா ஓடுவானுங்க" என்றாள் சுப்பம்மாள். பிறகு காளியாத்தாளின் சேலையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "நீ மட்டும் வெளிய வந்துராதக்கா. முதத்தண்ணி பாரு. எனக்கொண்ணும் இல்ல. அவனுங்க பேசுவானுங்க."

காளியாத்தாளுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ரிக் தொழிலில் அது எழுதாத சட்டம். துளையில் முதன்முதலாகத் தண்ணீர் பொங்கிச் சீறும்போது, டிரில்லர் முதல் சமையலாள் வரை அத்தனை பேரும் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டி, கைகூப்பி, நேரே துளையின் வாய்க்குப் போவார்கள். முகத்தில் அடிக்கிற நீரை இரு கையாலும் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அதுதான் முதத்தண்ணி. அதை ஏந்தாத கைக்கு அடுத்த துளையில் தண்ணீர் வராது என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த நேரத்தில் தாலியறுத்தவள் எதிரே நின்றால் ஊற்றுக் கண் மூடிவிடும் என்பதும் அவர்கள் நம்பிக்கை. மலையைப் பிளக்கும் இயந்திரத்தை ஓட்டத் தெரிந்தவர்கள், ஒரு பெண்ணின் வெள்ளைச் சேலைக்கு நடுங்கினார்கள்.

சந்தின் வழியாகச் சின்னண்ணன் எட்டிப் பார்த்தான். புதுச் சட்டை, தோளில் துண்டு, கையில் தகரப் பெட்டி.

"நங்கை, சாப்புட்டீங்களா?"

அண்ணன் மனைவியை அப்படித்தான் அழைப்பது வழக்கம். அவள் எழுந்து கதவோரம் வந்தாள்.

"அங்க போயி என்ன பண்ணோணும்னு சொல்லிக் குடுத்தாங்களா சாமி?"

"என்னத்தச் சொல்லிக் குடுக்கறதுங்க? ராடு கோக்கறதும் கழட்டறதும் எனக்குத் தெரியாததா? மொதலாளி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. உங்கண்ணனாட்டக் குடிச்சுப் போட்டு நிக்காத, அது போதும்னாரு."

"வேற ஒண்ணும் சொல்லுலியா?"

"இல்லீங்க." அவன் பெட்டியைக் கை மாற்றினான். "நீங்க மூஞ்சிய இப்படி வெச்சிருந்தா நான் எப்படிங்க ரயிலேறுவேன்? ஒருக்கா சிரிங்க பாக்கலாம்."

அவள் சிரித்துக் காட்டினாள். அவன் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காமலே இருந்திருக்கலாம் என்பதுபோல் தலையைத் திருப்பிக்கொண்டு போனான்.

உள்ளே விளக்கேற்றினார்கள். மருதாசலத்தின் மனைவி பட்டுடுத்தி வந்து ஐந்து முகமும் ஏற்றினாள். கைதட்டல் ஓய்ந்ததும் ஓர் இளைஞன் வந்து காளியாத்தாளை அழைத்துப் போய் மேடையின் பக்கத்திரைக்குப் பின்னால் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார வைத்தான். அங்கிருந்து முன்வரிசை தெரிந்தது. திருச்செங்கோட்டிலிருந்து, ராசிபுரத்திலிருந்து, சேந்தமங்கலத்திலிருந்து வந்த ரிக் முதலாளிகள். நாமக்கல்லிலிருந்து வந்த டேங்கர் லாரி முதலாளிகள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. வெள்ளை அவர்கள் மீது மங்கலமாக இருந்தது.

பேசினார்கள். ஆழம் குறைந்த கடல் என்றார்கள், ஆழம் மிகுந்த கடல் என்றார்கள். நாட்டின் தன்னிறைவு என்றார்கள். தனியார்க்குக் கதவைத் திறப்பதா, திறந்தால் எவ்வளவு திறப்பது என்று ஒருவர் நெடுநேரம் கேட்டார். எவ்வளவு திறந்தாலும் அதன் வழியே முதலில் நுழையப்போவது தாமே என்ற நம்பிக்கையோடு முன்வரிசை தலையாட்டிற்று. கரையிலிருந்து எண்ணெய் ஏற்றிவரச் சாலை வேண்டும் என்று லாரிக்காரர்கள் கேட்டார்கள். எல்லாம் வேண்டியிருந்தது அவர்களுக்கு. பாறை வேண்டியிருந்தது, கடல் வேண்டியிருந்தது, இருபத்தோராம் நூற்றாண்டு வேண்டியிருந்தது. காளியாத்தாள் நாற்காலியின் துருப்பிடித்த ஆணியை விரலால் தடவிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லும் வந்து விழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியாக நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் எழுந்தார். சென்னைக்காரர். மெலிந்த உடம்பு, கனத்த கண்ணாடி, திருத்தமான தமிழ். மூன்றாவது தீர்மானம் பாதுகாப்பைப் பற்றியது என்றார்.

"சென்ற மார்கழியில் எங்கள் கடல்மேடையில் ஒரு விபத்து நேர்ந்தது. உங்கள் பகுதித் தொழிலாளி ஒருவரை இழந்தோம். அன்று துளைக்குள் எதிர்பாராத அழுத்தம் ஏற்பட்டது. அடியிலிருந்து வாயு கிளம்பினால், துளையை நிறைத்திருக்கும் சேறு முதலில் மேலே பொங்கும். அதுதான் எச்சரிக்கை. அடுத்த சில நொடிகளில் வாயு வரும். ஒரு பொறி பட்டால் தீப்பிடிக்கும். சங்கு ஊதியது. எல்லோரும் படகுகளை நோக்கி ஓடினார்கள். ஒருவர் மட்டும் எதிர்த்திசையில் நடந்தார். தலையிலிருந்த துணியை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரு கைகளையும் நெஞ்சுக்கு நேரே வைத்தபடி, பொங்குகிற துளையை நோக்கிப் போனார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். தன்னிலையில் உள்ள மனிதர் செய்யக்கூடிய செயல் அன்று. மது அருந்தியிருந்தார் என்று விசாரணைக் குழு முடிவு செய்தது. ஆகவே இனி ஒப்பந்தத் தொழிலாளர் அனைவரையும் கப்பலேற்றுமுன் மதுச் சோதனை செய்யவேண்டும் என்று இந்த மாநாடு தீர்மானிக்கிறது."

ஆணியின் மேலிருந்த விரல் நின்றது.

காளியாத்தாள் முன்வரிசையைப் பார்த்தாள். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு. இரு கைகளையும் நெஞ்சுக்கு நேரே. அந்தக் கூடத்தில் இருந்த ஒவ்வொரு ரிக் முதலாளியும் அதைச் செய்தவர். இன்று மகிழ்வுந்தில் வந்திறங்கியவர்கள் எல்லாம் ஒரு காலத்தில் சேறு தெறித்த முகத்தோடு அதைச் செய்து மேலே வந்தவர்கள். பொறியாளர் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. அவர்களுக்கு விளங்கிற்று. ஒருவர் செருமினார். ஒருவர் விசிறியை எடுத்தார். மருதாசலம் தம் முன்னால் விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தின் நூலை, அதில் ஏதோ பிழை கண்டவர்போல், உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கைதட்டினார்கள். தீர்மானம் நிறைவேறியது.

அவள் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். எழுந்து போனாள். பொன்னாடை போர்த்தினார்கள், அது தோளில் கனத்தது, வழுக்கிற்று, யாரோ சரிசெய்தார்கள். ஒலிவாங்கியை அவள் வாய்க்குத் தாழ்த்தினார்கள்.

"எங்கூட்டுக்காரரு குடிக்கலீங்க" என்றாள்.

குரலில் அழுகை இல்லை, ஆவேசம் இல்லை. சந்தையில் விலை கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோல் சொன்னாள்.

"தண்ணி வந்துருச்சுன்னு போனாருங்க. முதத்தண்ணி ஏந்தப் போனாருங்க. பொங்குனா பக்கத்துல போகோணும்னுதான் அவருக்குத் தெரியும். ஓடோணும்னு யாரும் சொல்லுலீங்க. இன்னிக்குச் சாயங்காலம் போறவியளுக்கும் யாரும் சொல்லுலீங்க."

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். முன்வரிசையைப் பார்த்துப் பண்போடு கேட்டார்.

"அப்படி ஒரு வழக்கம் உங்கள் தொழிலில் உண்டா?"

மருதாசலம் எழுந்தார். மீசையை ஒதுக்கினார். ஆமாம் என்றால், தேர்ந்த ஆட்கள் என்று சொல்லி அவர் அனுப்பியவர்கள் கிணற்றுக்குத் தண்ணீர் பார்க்கும் ஆட்கள் என்று ஆகும். கடல் ஒப்பந்தம் கையைவிட்டுப் போகும்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சார். தொழில் தெரிஞ்சவன் எவனும் பொங்கற கொழாய்ப் பக்கம் போகமாட்டானுங்க. பாவம், புருசனப் பறிகுடுத்த பொம்பள. மனசு ஒரு நெலைல இருக்காது. நாம பெரிசா எடுத்துக்கக் கூடாதுங்க."

"சரிதானுங்க" என்றது முன்வரிசையில் ஒரு குரல். பிறகு இன்னொன்று. பொய்க்கு ஆள் சேர்வதற்கு அழைப்பிதழ் தேவைப்படுவதில்லை; ஒருவர் தொடங்கினால் போதும்.

அந்த நேரத்தில்தான் வெளியே இரைச்சல் மாறியது. பாறையில் மோதும் வறட்டுச் சத்தம் திடீரென்று ஈரமான சத்தமாயிற்று. அடுத்த நொடி ஒரு குரல் கிழிந்தது.

"தண்ணீ... தண்ணி வந்துருச்சோய்!"

மாநாடு என்ற ஒன்று அதற்குப் பிறகு அங்கே இல்லை. முன்வரிசை முழுதும் எழுந்தது. நாற்காலிகள் உருண்டன. வறண்ட மாவட்டத்தில் பிறந்த உடம்புகள், வளமும் வாகனமும் வந்த பிறகும் மறக்காத ஒன்றை நோக்கி ஓடின. மருதாசலம் எல்லோருக்கும் முன்னால் ஓடினார். ஓடிக்கொண்டே தோள்துண்டை உருவினார். ஓடிக்கொண்டே இடுப்பில் கட்டினார். வாசற்படி இறங்குமுன் அவர் கைகள் தாமாகக் குவிந்துவிட்டன.

மேடையில் பொறியாளரும் காளியாத்தாளும் மட்டும் நின்றார்கள். திறந்த கதவு வழியே எல்லாம் தெரிந்தது. மூன்றாள் உயரத்துக்குச் சாம்பல் நிறத் தண்ணீர் எழும்பிச் சிதறியது. அதைச் சுற்றி, இடுப்பில் துண்டும் குவித்த கையுமாக, சற்றுமுன் அப்படி ஒரு வழக்கமே இல்லை என்றவர்கள்.

பொறியாளர் நெடுநேரம் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. முகம் வெளிறியிருந்தது.

"அம்மா," என்றார். "தீர்மானம் நிறைவேறிவிட்டது. டெல்லிக்குப் போகவேண்டியது. அடுத்த மாநாட்டில்..."

"எப்பங்க அடுத்தது?"

"இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை."

"ரயிலு சாயங்காலமுங்க" என்றாள் காளியாத்தாள்.

அவர் மேசைமேல் இருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினார். அடுக்கியவற்றைக் கலைத்து மறுபடி அடுக்கினார். அவள் பொன்னாடையைக் கழற்றி நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டுப் படியிறங்கினாள்.

வெளியே மருதாசலம் கையை உயர்த்திக் கூட்டத்தை நிறுத்தி வைத்திருந்தார். "யாரும் தொடாதீங்கப்பா! கடலுக்குப் போற பசங்க மொதல்ல ஏந்தட்டும். நல்ல சகுனம்! டேய் சின்னண்ணா, எங்கடா எல்லாரும்? பொட்டியக் கீழ வெச்சுப்போட்டு வாங்கடா!"

புதுச் சட்டைக்காரர்கள் முன்னே வந்தார்கள். சிலர் முகத்தில் மீசைகூட முழுதாக இல்லை. சிரித்தார்கள், ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். "சட்டையக் கழட்டுடா, ரயில்ல ஈரத்தோட ஒக்காருவியா?" "இருக்கட்டும் போடா, கடலுக்குப் போறவனுக்கு ஈரம் என்ன!" பேச்சு அடங்கியது. துண்டுகள் இடுப்புக்குப் போயின. கைகள் குவிந்தன. சின்னண்ணன் முதலில் நடந்தான். கண்ணை முக்கால் மூடி, முகத்தை மேலே தூக்கி, மெதுவாக நடந்தான். அவன் அண்ணனும் இப்படித்தான் நடந்திருப்பான். அங்கே சங்கு ஊதியிருக்கும். அதை அவன் கேட்டும் இருப்பான். எந்த மொழியில் கூவினாலும், பொங்குகிற துளைக்கு அவன் உடம்பு அறிந்த மறுமொழி இது ஒன்றுதான்.

காளியாத்தாள் கூட்டத்தின் பின்னால் வந்து நின்றாள். யாரோ ஒருவன் திரும்பிப் பார்த்து விலகினான். அவன் விலகியதைக் கண்டு அடுத்தவன் விலகினான். வெள்ளைச் சேலை மேலே பட்டுவிடக் கூடாதே என்று அந்த நல்ல நேரத்தில் எல்லோரும் ஒதுங்கினார்கள். அவள் யாரையும் தள்ளவேண்டியிருக்கவில்லை. கூட்டம் தானாகப் பிளந்து துளையின் வாய்வரை வழி விட்டது. எத்தனையோ கல்யாண வாசலில், எத்தனையோ விதைப்பு நாளில் அவளை ஒதுக்கப்போகிற அதே வழக்கம், இன்று அவளுக்குப் பாதை போட்டுக் கொடுத்தது.

அவள் நடந்து போய், சீறுகிற நீருக்கும் சின்னண்ணனுக்கும் நடுவில், அவனைப் பார்த்தபடி நின்றாள்.

தண்ணீர் அவள் முதுகில் அடித்தது. கல்மாவு கலந்த நீர் தலையிலிருந்து வழிந்து வெள்ளைச் சேலையைச் சாம்பலாக்கியது.

சின்னண்ணன் கண்ணைத் திறந்தான். நின்றான். அவனுக்குப் பின்னால் வந்தவர்களும் கயிற்றைச் சுண்டியதுபோல் நின்றார்கள். குவித்த கைகள் பிரிந்தன. ஒருவன் ஓரடி பின்வாங்கினான். பிறகு எல்லோரும் பின்வாங்கினார்கள்.

"ஏம்புள்ள!" மருதாசலத்தின் குரல் பிளந்தது. "உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? தாலியறுத்தவ முதத்தண்ணில வந்து நிக்கறா, பாத்துக்கிட்டு நிக்கறீங்களேடா! இழுங்கடா அவள!"

யாரும் வரவில்லை. இழுக்கவேண்டுமானால் தொடவேண்டும்.

"சின்னண்ணா," என்றாள். நீரின் இரைச்சலில் அவள் கத்தவேண்டியிருந்தது; கத்தினாள். "இப்பப் பின்னால போனயல்ல? அதுதான். அங்க சேறு பொங்குச்சுன்னா நீ இப்படித்தான் பின்னால போகோணும். அது தண்ணி இல்ல. அதுல நெருப்பு வரும். அதத்தான் உங்கண்ணன் தண்ணின்னு கும்புடப் போனாரு."

"நங்கை, இக்கட்ட வாங்க..." அவன் குரல் குழந்தைக் குரலாகியிருந்தது. "எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். கேளு சாமி. பொங்கறதப் பாத்ததும் உன்ற கை தானா எந்திரிக்கும். காலு தானாப் போகும். சொன்னா நிக்காது, எனக்குத் தெரியும். அப்ப, அந்தக் கொழாய் வாயில நான் இந்தச் சேலையோட நிக்கறேன்னு நெனச்சுக்க. நான் எதுக்க நிக்கறேன். தீட்டுன்னு நெனச்சுக்க, மூதேவின்னு நெனச்சுக்க, என்ன வேணாலும் நெனச்சுக்க. திரும்பி ஓடிரு."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "ஊத்து மூடிரும்டா!" என்றது ஒரு குரல். ஊற்று மூடவில்லை. அவள் தோளுக்கு மேலே முன்னைவிட உயரமாக எழும்பி, யார் விதவை, யார் முதலாளி என்று பாராமல் எல்லார் மேலும் தெறித்துக்கொண்டிருந்தது.

மண்டபத்து வாசலில் பொறியாளர் நின்றிருந்தார். கையில் தாள்கள் இருந்தன. அவர் படியிறங்கவில்லை.

சின்னண்ணன் பின்னால் பார்த்தான், தன் கூட்டாளிகளைப் பார்த்தான், மருதாசலத்தைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். அந்த முகத்தில் கோபமும் இல்லை, கண்ணீரும் இல்லை. சமையல்கட்டில் அவனுக்காகச் சிரித்துக் காட்டிய அதே முகம்தான். அவன் திரும்பினான். முதலில் நடந்தான். பிறகு ஓடினான். வாசல் கேட்டு வரைக்கும் ஓடி, லாரிகளுக்கு நடுவில் போய் நின்று மூச்சு வாங்கினான். மீசை முளைக்காத ஒருவன் அவன் பின்னால் ஓடினான். இன்னும் இருவர். மற்றவர்கள் ஓடலாமா கூடாதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, ஓடினார்கள்.

"டேய், எங்கடா ஓடறீங்க? ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்குதுடா!" என்று மருதாசலம் கத்தினார்.

காளியாத்தாள் கண்ணில் வழிந்த கல்மாவைப் புறங்கையால் துடைத்தாள். தண்ணீர் குளிர்ந்திருந்ததா, வெதுவெதுப்பாக இருந்ததா, அவளுக்குத் தெரியவில்லை. கையை உயர்த்தி அவர்களை அழைத்தாள்.

"கையக் கும்புட்டுக்கிட்டு மறுபடியும் வாங்க," என்றாள். "இன்னொருக்கா ஓடோணும்."